தும்மலைப் பற்றி யாரும் சொல்லவில்லை

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. குழந்தைக்கு மூன்றரை மாதம். தடுப்பூசி போட்டுவிட்டு நானும் அம்மாவும் அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம்.

2. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு தூக்குவாளி. உள்ளே மில்லில் அப்போதுதான் அரைத்த மிளகாய்த்தூள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

3. நான் தும்மினேன்.

4. ஆட்டோ ஒரு வேகத்தடையை, அப்படி ஒன்று அங்கே இல்லை என்ற நம்பிக்கையோடு கடந்தது.

5. மறுபடியும் தும்மினேன்.

6. இறங்கும்போது என் சுடிதாரின் பின்பக்கம் நனைந்திருந்தது. குழந்தையின் துணி காய்ந்தே இருந்தது. பழியை மகள்மேல் போட வழியில்லை.

7. அம்மா எதுவும் கேட்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து, பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பழைய துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "துப்பட்டாவப் பின்னால இழுத்து விட்டுக்க" என்றாள். அவ்வளவுதான்.

முதல் ஆறும் எனக்கு விளங்கின. ஏழாவது விளங்கவில்லை. குழந்தைக்கு வேண்டிய துணிகள் எல்லாம் என் பையில் இருந்தன; பட்டியல் போட்டு நானே எடுத்துவைத்தவை. அம்மாவின் பையில் அந்தத் துண்டு யாருக்காக?

அதற்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் வேலை

கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பம்புகளுக்குள் மாட்டும் ரப்பர் வளையங்கள் எங்கள் சரக்கு. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வரக் கூடாது என்பதே அந்த வளையத்தின் வாழ்நாள் கடமை. வருகிறதா இல்லையா என்று பார்ப்பது என் கடமை. ஒரு சொட்டு கசிந்தாலும் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கு உண்டு.

என்னைத் திருப்பி அனுப்பத்தான் எந்த முகவரியும் இல்லை.

உள்ளே இன்னொருத்தி

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறை அம்மாவின் தையல் கடை. இரண்டு தெரு தள்ளி அப்பாவின் லேத் பட்டறை. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் உடலளவு அம்மாவின் நோட்டில் இருக்கிறது. யார் இளைத்தார்கள், யார் ஊதினார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே அறிகிறவள் அவள்.

குழந்தை பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஆறு மாத வயிறு அப்படியே இருந்தது. உள்ளே இன்னொருத்தி மிச்சம் இருக்கிறாளோ என்று ஒரு கணம் நிஜமாகவே சந்தேகம் வந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அதைச் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"என்ன தாயி, அதையும் பெத்துப்புட்டே வந்துருக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். தையல் போட்ட இடம் அனுமதித்த அளவுக்கு நானும் சிரித்தேன்.

ஒன்பது மாதம் விரிந்த கர்ப்பப்பை ஒரே நாளில் சுருங்காது, ஆறு வாரம்போல ஆகும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிற்றில் ஓர் இழுப்பு வரும். அது கர்ப்பப்பை சுருங்கும் வலி. அப்போது அம்மாவின் விளக்கம் வேறு.

"காத்துப் புகுந்துருச்சு. அதான் காதுல பஞ்ச வையின்னு சொன்னேன்."

காதுக்கும் வயிற்றுக்கும் இடையே என்ன பாதை என்று கேட்டேன். பிள்ளை பெற்றவள் அதிகம் பேசக் கூடாது என்று பதில் வந்தது. பேசினாலும் காற்றுப் புகும்.

கடத்தல்

விதிகளில் மிகக் கண்டிப்பானது தண்ணீர். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன டம்ளர் வெந்நீர். அதோடு சரி. மற்ற விஷயங்களில் அம்மா கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்; தண்ணீரில் இம்மியும் நகரவில்லை.

"எம்மா, நாக்கு ஒட்டுது."

"ஒட்டட்டும். தண்ணியக் குடிச்சா வயிறு போட்டுரும். அம்புட்டுத்தான், பெறகு ஒரு சேலையும் இடுப்புல நிக்காது."

"பால் குடுக்குறேன்லம்மா. அதுக்குத் தண்ணி வேணாமா?"

"பூண்டு திங்கிறேல்ல? கருவாட்டுக் கொழம்பு ஊத்துறேன்ல? அதுல ஊறும்."

ஆகவே கடத்தல் தொடங்கியது. என் கணவர் பிரபு திருப்பரங்குன்றத்திலிருந்து மாலையில் வண்டியில் வருவார். தோளில் லேப்டாப் பை. அதில் லேப்டாப் இருக்காது. ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டு இருக்கும். "வாங்க மாப்ள" என்று அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவாள். மாப்பிள்ளையின் பையைச் சோதிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கு அம்மா காபி போட்டு முடிப்பதற்குள் நான் ஒரு பாட்டிலை முடித்துவிடுவேன்.

தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும்; தையல் போட்ட உடம்பு அப்போது படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. பிரபு செய்தது பெரிய உதவி. அந்த உதவி பின்னால் எனக்கு எதிரான சாட்சியாக நின்றது.

ராசாத்தி அக்காவின் கேள்வி

குழந்தையையும் என்னையும் குளிப்பாட்ட ராசாத்தி அக்கா வருவார். வேப்பிலையும் நொச்சியும் கொதித்த தண்ணீரைச் செம்பு செம்பாக இடுப்பில் வீசி ஊற்றுவார். முதல் செம்பு சுடும். மூன்றாவது செம்பில் கண் சொருகும். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. குளித்து முடிந்ததும் பழைய நூல் சேலையைக் கிழித்து வயிற்றில் கட்டுவார்.

அவர் கட்டியது எனக்குத் திருப்தியாக இல்லை. லேசாக, கை நுழையும் அளவுக்கு இருந்தது. ஒரு நாள் இறுக்கம், மறுநாள் தொளதொளப்பு. அளவே கிடையாது. அளவில்லாத ஒரு வேலையைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

நான் அதை மேம்படுத்தினேன்.

அம்மாவின் தையல் சாக்பீஸை எடுத்துத் துணியில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்தேன். மறு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலை நோக்கி நானே சுற்றிச் சுற்றிப் போய்த் துணிக்குள் நுழைந்தேன். இன்று இந்தக் கோடு வரை. நாளை மறுநாள் அடுத்த கோடு. இறுக்கம் ஒரே சீராக வந்தது. பீரோக் கதவின் உள்பக்கம் அட்டவணை ஒட்டினேன்: தேதி, பால் கொடுத்த நேரம், குழந்தை எத்தனை முறை ஈரம் செய்தது, என் இடுப்பளவு.

ராசாத்தி அக்கா ஒருநாள் நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வாளியோடு நின்றார்.

"ஏத்தா, இம்புட்டு இறுக்குனா உள்ள இருக்கறது எங்க போகும்?"

"உள்ளயே போகும்க்கா."

"மேல நெஞ்செலும்பு இருக்கு. பின்னால முதுகெலும்பு இருக்கு. கீழதான போகும்?"

"அதெல்லாம் ஒண்ணும் போகாதுக்கா. தெனம் அளந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அளக்குறது சரி தாயி. நான் கட்டுறது இடுப்புக்கு ஒரு பிடிமானத்துக்கு. நீ கட்டுறது மூட்டைய."

நான்கு வருடம் இயந்திரவியல் படித்தவள் நான். அழுத்தம் எந்தப் பக்கம் தடுப்பு பலவீனமோ அந்தப் பக்கம் போகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதையே ஒரு பெண் கையில் வாளியோடு சொன்னபோது, பாவம், படிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் அக்கா தன் வேலையை முடித்துக்கொண்டு சேலையும் வெற்றிலை பாக்கும் வாங்கிப் போனார். துணி கட்டுவதையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு அங்குலம் முப்பத்து நான்காகியிருந்தது. இறங்குகிற எண்ணை யார் நிறுத்துவார்கள்?

அந்த அட்டவணையில் குழந்தை எத்தனை முறை நனைத்தாள் என்பதற்குக் கட்டம் இருந்தது. எனக்கு இல்லை.

அடக்கமான மருமகள்

முதல் முறை நடந்தது மூன்றாவது வாரத்தில், ஓர் இருமலின்போது. உடம்பு தேறிக்கொண்டிருக்கிறது, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எட்டாவது வாரத்திலும் அதையே சொல்லிக்கொண்டேன்.

ஆறு வாரப் பரிசோதனைக்குப் போனபோது சொல்லியிருக்கலாம். குழந்தையின் எடை பார்த்தார்கள். தையல் ஆறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "சுகப்பிரசவம்தானே? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்வார்கள். "இல்லை டாக்டர்" என்றேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வளையத்தைக்கூட இப்படி நான் தேற விட்டதில்லை.

பிறகு மாமியார் பார்க்க வந்தார். அம்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் மதினி என்பார்கள். அன்று என்னை நிற்கவைத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏ மதினி! கலியாணத்துல நின்ன மாதிரியே நிக்கிறா! என்ன குடுத்தீக?"

"எல்லாம் கட்டுனதுதான் மதினி. தண்ணியுங் குடுக்கல" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கிய நாள்களில் இருந்த முகம்.

ஏதோ நகைச்சுவை பேசினார்கள். நான் சிரிக்கவில்லை. தரையில் உட்காரச் சொன்னார்கள், நிற்கிறேன் என்றேன். குழந்தையைக் குனிந்து தூக்கவில்லை. யாராவது எடுத்துத் தரும்வரை காத்திருந்தேன். வண்டியில் ஏறும்போது மாமியார் பிரபுவிடம் சொன்னாராம்: "பிள்ள பெத்ததுக்குப் பெறகு உன் பொண்டாட்டிக்கு ஒரு அடக்கம் வந்துருக்குடா."

அடக்கம்தான். வேறு வழியில் வந்தது.

விடுப்பு ஆறாவது மாதம் முடியும். கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிடம். அதன் பிறகு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. சோதனை மேடையிலிருந்து கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது என்று வந்தது. கைப்பேசியில் ராஜினாமா கடிதம் எழுதி வைத்தேன். காரணம்: குழந்தையைப் பார்த்துக்கொள்ள. இந்தக் காரணத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். பாராட்டவும் செய்வார்கள். பிரபுவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் மட்டும் "உனக்கா தோணுச்சா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டிய வாரத்தில்தான் ஷேர் ஆட்டோவில் தும்மினேன்.

ஒரு செம்புத் தண்ணீர்

வீட்டுக்கு வந்து உடை மாற்றினேன். குழந்தை ஊசிக் காய்ச்சலில் முனகிவிட்டுத் தூங்கிப்போனாள். அம்மா மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"எம்மா, அந்தத் துண்டு எதுக்கு வச்சிருந்த?"

"துண்டு எதுக்கு வச்சிருப்பாக? தொடைக்கத்தான்."

"பாலிதீன் கவர்ல சுத்தியா?"

மெஷின் ஒரு கை முழுக்க ஓடி நின்றது. நூலைப் பல்லால் கடித்தாள்.

"எனக்குத்தான் வச்சிருந்தேன்."

"உனக்கா? எப்ப இருந்து?"

"உன்னப் பெத்ததுல இருந்து."

எனக்கு இருபத்தொன்பது வயது. கழிக்கவோ பெருக்கவோ எதுவும் இல்லை, அதுவேதான் விடை.

"யார்ட்டயும் சொல்லலையா? அப்பாட்ட?"

"என்னத்தச் சொல்ல? பல்லு ஆடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரியிறோம்? பிள்ள பெத்தா இப்படித்தான்." பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நீ தண்ணி குடிச்சியா?"

"என்னது?"

"உண்மையச் சொல்லு. கெடையில கெடந்தப்ப தண்ணி குடிச்சியா, இல்லையா?"

கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"மாப்ள கொண்டாந்தாரா?"

"...ம்."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகம் அழுவதற்கு முந்தைய நிலைக்குப் போனது.

"நெனச்சேன். நானும் அப்படித்தான். உன்னப் பெத்து ரெண்டாம் நாள். தாகந் தாங்கல. எல்லாரும் தூங்கவும் எந்திரிச்சு அடுப்படியில ஒரு செம்புத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சுப்புட்டேன். அதுலதான் எனக்கு இப்படி ஆச்சு. உனக்கு ஆயிரக் கூடாதுன்னுதானடி டம்ளர் டம்ளரா அளந்து குடுத்தேன். கடசியில நீயும் குடிச்சிட்டியே."

வயிறு போடும் என்று சொன்னதெல்லாம் சும்மா. அவள் பயந்தது இதற்குத்தான். சொல்ல வாய் வரவில்லை. ஆகவே தண்ணீரைப் பூட்டி வைத்தாள்.

"அம்மா, தண்ணியினால இது வராது."

"எப்படி வராதுங்கற? நான் குடிச்சேன், எனக்கு ஆச்சு. நீ குடிச்ச, உனக்கு ஆச்சு. நீதான படிச்சவ, நீயே சொல்லு."

அவளிடம் இரண்டு சோதனைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே முடிவு. என்னிடம் பீரோக் கதவில் ஓர் அட்டவணை மட்டும் இருந்தது. அதில் அந்தக் கட்டமே இல்லை.

நான் திருத்திக்கொண்டவை

அம்மாவைப் பற்றி நான் சிறுவயதிலிருந்து வைத்திருந்த முடிவுகள் சில உண்டு. அவளுக்குப் பயணம் பிடிக்காது. எந்தக் கல்யாணத்துக்கும் வெளியூர் வந்ததில்லை. கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் அவளுக்குப் பிடித்த நிறங்கள். அவள் கடுமையானவள், வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள். பள்ளி ஆண்டு விழாவில் தாய்மார்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தபோது எல்லா அம்மாக்களும் ஓட, என் அம்மா மட்டும் சுவர் ஓரம் நின்றாள். நான் அழுதேன். என்மேல் பாசம் இல்லை என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த இருபத்தொன்பது வருடத்துக்கு இதே பட்டியலை என் மகள் என்னைப் பற்றி எழுதுவாள் என்பதும் அங்கேயே புரிந்தது. அதன் முதல் வரியாக, அம்மா எனக்காக வேலையை விட்டாள் என்றிருக்கும்.

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறை

மறுநாள் வேறு ஒரு பெண் மருத்துவரிடம் போய், உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் சோதித்துவிட்டுத் தல்லாகுளத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கான பிசியோதெரபி மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாடியில் சின்ன அறை. மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். என்னை அக்கா என்றார். குழந்தையை வைத்துக்கொள்ளத் துணைக்கு வந்த அம்மா, பெஞ்சின் ஓரத்தில் கதவுக்கு அருகில் உட்கார்ந்தாள். எப்போதும் கதவுக்கு அருகில்.

மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, வயிற்றின் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கத் தசைகளுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி இருந்தது. வயிற்றுக்குள் குழந்தை வளர விலகியவை, இன்னும் சேரவில்லை. இடுப்பளவு முப்பத்து நான்கு என்று நான் சொன்னேன்.

"இடுப்பளவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காட்டினேன். அவர் பெரிதாக்கி, நகர்த்தி, முழுவதும் பார்த்தார்.

"இத யாருக்கா போட்டது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லாருக்கு. ஆனா தப்பா இருக்கு."

லேசாக, முதுகுக்குப் பிடிமானமாகச் சில நாள் துணி கட்டுவதில் தவறில்லை. ஆனால் அது வயிற்றைக் கரைக்காது, விலகிய தசையையும் சேர்க்காது என்றார். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் பிரசவத்திலேயே நைந்திருக்கின்றன; கோடு போட்டு இறுக்கியதில் மேலே இருந்து பாரம் ஏறியிருக்கிறது என்றார். ராசாத்தி அக்கா வாளியோடு நின்று சொன்னது. இந்த முறை நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அம்மா பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, இவ தண்ணி குடிக்கலாமா?"

"நல்லா குடிக்கணும்மா. பால் குடுக்குறாங்கள்ல."

"குடிச்சா என்ன ஆகும்?"

"தாகம் தீரும்."

அம்மா விடவில்லை. "இல்லம்மா. பிள்ள பெத்த ரெண்டாம் நாளு, ஒரு செம்புத் தண்ணிய முழுசாக் குடிச்சிட்டா? அதுனால காலத்துக்கும் இப்படி... இவளுக்கு இருக்குற மாதிரி... வருமா?"

"ஒரு செம்புத் தண்ணி என்னம்மா பண்ணும்? அரைமணி நேரத்துல ஒண்ணுக்கு வரும். அம்புட்டுதான்."

அம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். அவர் எழுந்து போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு மூட்டுவலி."

"சரி. மூட்டுவலி தவிர?"

அம்மா குழந்தையை என் கையில் கொடுத்தாள். "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள்.

முக்கால் மணி நேரம் மாடிப்படியில் நின்றேன். கீழே கோர்ட்டுக்குப் போகிறவர்களின் வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. அம்மா வெளியே வந்தாள். கீழே வந்து ரோட்டோரக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். மூடியைத் திருகி, நின்றபடியே பாதியைக் குடித்தாள்.

"இருவத்தொம்பது வருசமா என்னைய நானே வைஞ்சுக்கிட்டு இருந்துருக்கேன்டி" என்றாள். "ஒரு செம்புத் தண்ணிக்கு."

மேலே, கீழே அல்ல

பயிற்சி சொல்வதற்கு எளிது. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மேலே இழுக்க வேண்டும். சில நொடி நிறுத்தி, முழுக்கத் தளர்த்த வேண்டும். மூச்சு அதன் பாட்டுக்கு ஓட வேண்டும். தினம் மூன்று வேளை, பல மாதம்.

முதல் இரண்டு வாரம் நான் அதைத் தவறாகச் செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்கினேன். எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துவைத்தேன். எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. "மேல தூக்கச் சொன்னா கீழ தள்ளுறீங்களேக்கா" என்று மருத்துவர் தலையில் கை வைத்தார். அம்மா முதல் வாரத்திலேயே சரியாகப் பிடித்துக்கொண்டாள். அடக்கி அடக்கிப் பழகியவளுக்கு எந்தத் தசை என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இது உண்டு என்று மருத்துவர் சொன்னார். பலருக்கு உண்டு என்பதனாலேயே, இப்படியே இருந்துவிட வேண்டியது என்று ஆகாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை எங்கள் தெருவில் இதற்கு முன் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிரபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விடுவதற்கான நிஜக் காரணத்தையும் சொன்னேன். அவர் "நான் தண்ணி கொண்டாந்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டார். அவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

இப்போதைய நிலவரம்

நான் வேலைக்குத் திரும்பி ஐந்து மாதமாகிறது. ராஜினாமா கடிதத்தை அழித்துவிட்டேன். தும்மினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் இன்னும் கொஞ்சம் ஆகிறது. வயிற்றின் இடைவெளி மூன்று விரலிலிருந்து ஒன்றரை விரலுக்கு வந்திருக்கிறது. இடுப்பு முப்பத்தைந்து அங்குலம், அப்படியே இருக்கட்டும்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையும் சற்று இறங்கியிருப்பதாகப் பெண் மருத்துவர் கண்டுபிடித்தார். தாங்குவதற்கு உள்ளே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். பயிற்சியும் செய்கிறாள். பாதி குறைந்திருக்கிறது என்கிறாள். மீதிக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாறு நாள் ஆஸ்பத்திரியிலும் அதன் பிறகு சில வாரம் எடை தூக்காமல் வீட்டிலும் இருக்க வேண்டும். ஆகவே அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

இன்னும் சொல்லவில்லை. அம்மா தல்லாகுளம் போவது மூட்டுவலிக்கு என்றுதான் அப்பா இன்றுவரை நம்புகிறார்; தைலம் வாங்கி வந்து கொடுக்கிறார்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது என்றாள். அச்சில் வந்ததும் அப்பாவுக்கு நானே வாசித்துக்காட்ட வேண்டும், அவர் முழுவதும் கேட்டு முடிக்கும்வரை தான் வீட்டுக்குள் வரமாட்டேன் என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.